பத்து நிமிடத்தில் பந்தி முடியாது

கல்லூரிக் கலைவிழா நடத்தும் மாணவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக் குழுத் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஓர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். பெயரில் கௌரவம் இருக்கிறது, சம்பளம் பதினோரு மாதத்துக்கு. அது வேறு கதை. ஒன்பது வருடமாக எங்கள் பிள்ளைகளின் நாடகக் குழுவைக் கூட்டிக்கொண்டு உங்களைப் போன்றவர்கள் நடத்தும் விழாக்களுக்கு வந்து போகிறேன். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இந்த முறை பரிசு கிடைத்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரும் அதை முழுதாகப் பார்க்கவில்லையே. முகூர்த்த நாளென்றால் எங்கள் கல்லூரியில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் காரணம் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்த ஒரு நாள், முன் பெஞ்சுப் பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "சப்ளைக்குப் போயிருக்காங்க மேம்." கேட்டரிங் காண்ட்ராக்டர் கொடுக்கும் மெரூன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஐந்நூறுக்கோ அறுநூறுக்கோ ராத்திரி ரிசப்ஷன், காலை டிபன், மதியச் சாப்பாடு மூன்றையும் பரிமாறிவிட்டு, மறுநாள் முதல் வகுப்பில் கண் செருகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அன்றிலிருந்து முகூர்த்த நாளில் நான் டெஸ்ட் வைப்பதில்லை.

அவர்களில் ஆறு பேர். மண்டபத்துச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் அம்மாக்களின் மகள்கள் இரண்டு பேர். இந்த எட்டுப் பேரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் 'கடைசிப் பந்தி'. இன்னார் எழுதியது என்று சொல்ல ஆள் இல்லை. தாவரவியல் துறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் மூன்று மாதம் பேசிப் பேசி, ஆடி ஆடிச் சேர்ந்தது. மேடையில் நாற்காலி கிடையாது, மேசை கிடையாது, இலையும் கிடையாது. நாலு எவர்சில்வர் வாளி, நாலு கரண்டி, அவ்வளவுதான் பிராப்பர்ட்டி. இல்லாத இலை வரிசைக்கு முன்னால் குனிந்த வாக்கிலேயே பக்கவாட்டில் நகர்ந்து போவார்கள். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, கண் இலையில், காது பின்னால் வருகிறவன் குரலில். "ரசம் ரசம் ரசம்" என்று ஒருவன் தாண்டும்போதே "மோர் வருதுண்ணே" என்று அடுத்தவன் வந்துவிடுவான். மூன்றாவது தடவை அந்த வரிசை கடந்துபோகும்போது இலை நம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அந்த நடையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு வராது.

மொத்தம் 22 நிமிடம். முதல் பத்து நிமிடம் ஒரே சிரிப்பு. அப்பளத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கி மடியில் சேர்க்கும் மாமா வருவார். வீடியோக்காரருக்காக ஒரே வாய் லட்டுவை மூன்று தடவை ஊட்டிக்கொள்ளும் மாப்பிள்ளையும் பெண்ணும் வருவார்கள். அதற்குப் பிறகு, பரிமாறிக்கொண்டே வரும் பையன் ஓர் இலைக்கு முன்னால் நின்றுவிடுவான். அங்கே உட்கார்ந்திருப்பவள் அவன் வகுப்பில் படிக்கும் பெண், குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருக்கிறாள். அவள் நிமிர்ந்து பார்ப்பாளா, மாட்டாளா? நாடகமே அங்கேதான் தொடங்குகிறது. மாலை நாலு மணிக்கு எல்லாம் ஓய்ந்து எட்டுப் பேரும் சாப்பிட உட்காரும்போது வாளியில் ரசம் மட்டும் கிடக்கும். அந்த ரசத்தை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வதில் ஆறு நிமிடம் போகும், ஒரு வசனம் கிடையாது. அங்கே ஒத்திகையிலேயே நான் இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இந்தப் பிப்ரவரியில் இதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு கல்லூரிக்கு வந்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம். அதை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். சுற்றறிக்கையில் 'ஓரங்க நாடகம், 25 நிமிடம்' என்று அச்சடித்திருந்தது. ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் இறங்கி, கட்டணக் குளியலறையில் குளித்து, எட்டரைக்கு வாசலில் நின்றோம். காவலாளி எங்கள் கல்லூரி கொடுத்த போனஃபைட் சான்றிதழைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், பிறகு வாளியைப் பார்த்தார். "இது எதுக்கு?" பிராப்பர்ட்டி என்றோம். "அதுக்கு சீட்டு?" வாளிக்குச் சீட்டு வாங்கி வரவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. கழுத்தில் டேக் போட்ட வாலன்டியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் இன்னொருவருக்குப் போன் போட்டு, நாலு வாளியும் உள்ளே போக நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஆடும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கிய லாட்டில் எங்களுக்குப் பதினாலு வந்தது. கிரீன் ரூம் என்று ஒரு வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். மற்ற டீம்கள் ஆடும்போது போட்டியாளர்கள் அரங்குக்குள் வரக்கூடாதாம். ஏன் என்று கேட்டால், "பார்த்துட்டு ஐடியா எடுத்துருவாங்க மேம்." நாலரை மணி நேரம். சுவருக்கு அப்பால் கைதட்டல் கேட்கும், விசில் கேட்கும், யாருக்கு என்று தெரியாது. எங்கள் பிள்ளைகள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். இரண்டரை மணிக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்தார். இருபது வயது இருக்கலாம் அந்தப் பெண்ணுக்கு. தொண்டை கட்டிப்போயிருந்தது, மதியம் சாப்பிட்ட முகமாகவும் தெரியவில்லை. "மேம், ப்ரோ ஷோவுக்கு சவுண்ட் செக் பண்ணணுமாம். இனிமே எல்லா டீமுக்கும் டென் மினிட்ஸ்தான். சாரி மேம்." ப்ரோ ஷோ என்றால் காசு கொடுத்து வெளியிலிருந்து அழைக்கும் தொழில்முறைக் கலைஞர்களின் நிகழ்ச்சி. அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

இருபத்திரண்டு நிமிடத்தைப் பத்தாக்க எங்களுக்குக் கிடைத்த நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். எதை வெட்டுவது? முடிவு மட்டும் போட்டால் புரியாது. முதலிலிருந்தே ஆடுவோம், போகிற வரை போகட்டும் என்றார்கள் பிள்ளைகள். ஆடினார்கள். அரங்கு சிரித்தது. எட்டாவது நிமிடம் முதல் மணி. பையன் அந்த இலைக்கு முன்னால் வந்து நின்றான். வாளியைத் தரையில் வைக்கக் குனிந்தான். விளக்கு அணைந்தது. இருட்டில் வாளியின் பிடி விளிம்பில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள், விசில் பறந்தது.

மாலையில் பரிசளிப்பு. 'சிறந்த நகைச்சுவைக் குழு' என்று எங்களுக்கு ஒரு கோப்பையும் எட்டுச் சான்றிதழும். அந்த இலைக்கு முன்னால் நின்றவன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மேம், நாம காமெடி நாடகமா போட்டோம்?"

அன்று ராத்திரி பத்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். எங்களுக்குப் பக்கத்து வரிசையில் ஏழு பெண்கள், அதே நிறக் கோப்பு, அதே சான்றிதழ். மேற்கு மாவட்டத்திலிருந்து வந்த மகளிர் கல்லூரி. லாட் நம்பர் பதினேழு. அவர்களுடையதையும் பத்தில் நிறுத்தியிருந்தார்கள். டீ வாங்கிக்கொண்டு பேச்சு ஆரம்பித்தது. விடுதி வாசலில் ஆறு மணிக்குப் பூட்டும் ஒரு பூட்டைப் பற்றியது அவர்கள் நாடகம். ஏழு பேரில் ஒருத்தி பூட்டாகவே நிற்கிறாளாம். பூட்டுக்கு வசனம் உண்டாம். அதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி பேசிக் காட்டினாள், எங்கள் பையன்கள் வாயைத் திறந்து கேட்டார்கள். பிறகு எங்கள் கதையைச் சொன்னோம். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அந்தப் பொண்ணு நிமிந்து பாத்தாளா?" எங்கள் பெண் சொன்னாள்: "ஒரே மாதிரி பண்றதில்லக்கா. பாதி நாள் பாக்க மாட்டேன்." பார்க்கவேண்டும் என்று இரண்டு பேர், கூடவே கூடாது என்று நாலு பேர். பார்த்துவிட்டு இலையை மூடிவிட்டு எழுந்துபோனால் என்ன என்று பூட்டு கேட்டது. எங்கள் பஸ் வரும் வரை நாற்பது நிமிடம் சண்டை.

அந்த விழாவில் எங்கள் நாடகத்தைப் பற்றி யாராவது பேசினார்கள் என்றால் அந்த நாற்பது நிமிடம்தான். அது விழா வளாகத்துக்குள் நடக்கவில்லை. பதினேழாம் நம்பரை நான் பார்க்கவே இல்லை. அன்று ஆடிய மற்ற எந்த நாடகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. ஒரு நாடக விழாவுக்குப் போய்விட்டு, ஒரு நாடகம்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறோம்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். கதவைத் திறந்து விடுங்கள். வந்த குழுக்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்கட்டும்.

பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி நீங்கள் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி படித்திருப்பீர்கள். தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு முதலில் இளப்பம்தான். பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்குக் குழு சென்னைக்கு வந்தது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிப்பதை அவர் பார்த்தார். நாமும் தமிழில் செய்தால் என்ன என்று தோன்றியது. 1891 ஜூலை முதல் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது, உங்களில் பலரைவிடச் சின்னவர். பிறகு தொண்ணூறுக்கும் மேல் நாடகம் எழுதினார். ஐடியா எடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். அன்று அரங்க வாசலில் டேக் போட்ட ஒருவர் கையை நீட்டி மறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கிரீன் ரூமில் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

ந. முத்துசாமி கதையும் இதேதான். சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவர், புரிசைத் தம்பிரான்களின் தெருக்கூத்தைப் பார்த்து ஆடிப்போனார். 1977-ல் கூத்துப்பட்டறை என்ற அவருடைய நாடகக் குழு வந்தது. அதே 1977-ல் காந்திகிராமத்தில் நாடக இயக்குநர் சே. இராமானுஜம் நடத்திய பயிற்சிப் பட்டறையும் 1980-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்தியதும் தமிழ் நவீன நாடகத்துக்குத் திருப்பம் என்று படிக்கிறோம். அங்கேயெல்லாம் என்ன நடந்தது? வேறு வேறு ஊர் ஆட்கள் ஒரே இடத்தில் இருந்து ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பர் ஆடியதைப் பார்த்துவிட்டுப் பதினாலாம் நம்பர் இரண்டு மணி நேரத்தில் அதைவிட நன்றாகக் காப்பியடித்து ஆடிவிட முடியுமென்றால், தயங்காமல் அவர்களுக்கே முதல் பரிசைக் கொடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் இளைஞர் விழாவின் விதிகளை எடுத்துப் பாருங்கள். ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம், நடிகர் 9 பேர், பின்னணிக்கு 3 பேர், மேடை அமைக்கத் தனியாகப் பத்து நிமிடம் வரை. ஸ்கிட் என்ற குறுநாடகத்துக்கு 10 நிமிடம், 6 பேர். பேச்சில்லாத மைமுக்கு 5 நிமிடம். ஸ்கிட் டிபன், ஓரங்க நாடகம் சாப்பாடு. இரண்டுக்கும் தனித்தனி ருசி, நான் ஸ்கிட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் டிபன் போடக்கூடாது. முதலிலேயே பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தால் வேறொன்றைச் செய்துகொண்டு வந்திருப்போம். புனேயில் 1963 முதல் புருஷோத்தம் கரண்டக் என்று கல்லூரிகளுக்கான மராத்தி ஓரங்க நாடகப் போட்டி நடக்கிறது. நாடகம் மட்டும்தான், ஆட்டம் பாட்டம் எதுவும் கூட இல்லை. பரத் நாட்ய மந்திரில் நாள் கணக்கில் போகும். அங்கே சவுண்ட் செக்குக்காக யாரையும் இறக்கிவிட வேண்டிய தேவையே வராது. தமிழில் நாடகத்துக்கென்று அப்படி ஒரு விழாவை உங்களைப் போன்ற நாலு கல்லூரிக் குழுக்கள் சேர்ந்தால் நடத்த முடியாதா? சினிமா நட்சத்திரம் வேண்டாம், எல்.இ.டி. திரை வேண்டாம். செலவு உங்கள் விழாவின் பட்டாசுச் செலவுகூட வராது.

இடமும் பெரிதாக வேண்டாம். ஆயிரம் பேர் அரங்கில் மேடையின் விளிம்பில் மூன்று ஸ்டாண்ட் மைக்கை நட்டுவைக்கிறீர்கள். பிள்ளைகள் வசனம் பேச வரிசையாக அங்கே வந்து, பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்னால் போகிறார்கள். பிரசாதம் வாங்குவது மாதிரி இருக்கிறது. நூற்றிருபது பேர் உட்காரும் செமினார் ஹாலைக் கொடுங்கள், மைக்கே வேண்டாம். பெருமூச்சுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

நடுவர்களை அழைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ஒவ்வொரு நாடகத்துக்கும் பிறகு ஐந்து நிமிடம் அந்தக் குழுவோடு பேசவேண்டும் என்று. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு நடுவர், வயதான கூத்துக் கலைஞர், எங்கள் பையனைக் கூப்பிட்டு "காலை ஊன்றி நில்லு, குரல் தானா வரும்" என்றார். அவன் இன்றைக்கும் போன் பண்ணினால் அதைச் சொல்கிறான். அன்று முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் அவனுக்கு நினைவில்லை.

இன்னொன்று, அந்த ஆன்லைன் படிவம். பிரதியை ஒரு வாரம் முன்னதாக ஏற்றவேண்டும், 'அரசியல், மதம், சாதி இடம்பெறவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கவேண்டும். 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தள்ளிவிட்டது. வெள்ளைக்காரன் போட்ட 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. நாடகத்தை முன்கூட்டிப் படித்துப் பார்க்கும் அதிகாரம் போலீஸ் கையை விட்டுப் போன பிறகும் உங்கள் படிவத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. கல்லூரி நிர்வாகம் சொல்வதால் செய்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் பந்தியைப் பற்றி நாடகம் போடுகிறவன் அந்தக் கட்டத்தில் எப்படி டிக் அடிப்பான்? சேரன்மாதேவி குருகுலப் பள்ளியில் சாதி பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பந்தி போட்டதில் நூறு வருடத்துக்கு முன் தமிழ்நாட்டு அரசியலே திசைமாறிப் போயிருக்கிறது. யார் முதலில் உட்கார்வது, யார் கடைசியில், யார் இலையை எடுப்பது என்று வந்துவிட்டால் அதில் சாதி இல்லாமல் எங்கே போகும்? நாங்கள் டிக் அடித்தோம். பொய்தான் சொன்னோம். ஒரு தமிழாசிரியர் தன் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொன்னது உங்கள் படிவத்தில்தான்.

எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. மறைக்கவில்லை. எங்கள் ஐட்டம் முடிந்த மறு நிமிடமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் குழுக்கள்தான் அதிகம், நாங்களும் அப்படிப் போயிருக்கிறோம். எங்கள் முதல்வர்கள் ஒரு நாளுக்குத்தான் ஓ.டி. (ஆன் டியூட்டி) போடுவார்கள், இரண்டாம் நாள் தங்கினால் ஆப்சென்ட். ஐந்து வருடத்துக்கு முன் என் குழுவே ஒரு பையனுக்குச் சேலை கட்டிவிட்டு மேடையில் குலுக்கி நடக்கவைத்து முதல் பரிசு வாங்கியது. அரங்கு அதிர்ந்தது. எங்கள் வகுப்பிலேயே ஒரு திருநங்கை மாணவி படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர் வரவில்லை. அந்தக் கோப்பை இன்னும் துறை அலமாரியில் இருக்கிறது, எடுத்து உள்ளே தள்ளி வைத்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து மற்றவர்களின் நாடகத்தையும் பார்த்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வேறு யாரோ வேறு எதையோ செய்துகொண்டிருந்திருப்பார்கள், எங்களுக்கு உறைத்திருக்கும்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. ஸ்பான்சர் பிடிப்பதும், முதல்வர் அறை வாசலில் நிற்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு பேனர் கட்டுவதும் நீங்கள்தான். தொண்டை கட்டிய அந்தப் பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவளும் அன்று ஒரு நாடகத்தையும் உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் அந்தப் பூட்டு நாடகத்தையும் 'கடைசிப் பந்தி'யையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடப்போகிறோம். அன்று முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் தேதி குறிக்கவேண்டும், இல்லையென்றால் நடிகர்கள் வரமாட்டார்கள். ஏசி கிடையாது, பெஞ்சு கொஞ்சம் ஆடும். போட்டி இல்லை, பரிசு இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. முடிந்தால் வாருங்கள். நாடகம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம், நிமிர்ந்து பார்க்கவேண்டுமா கூடாதா என்பது இன்னும் தீரவில்லை.

அடுத்த வருடம் உங்கள் விழாவுக்கும் எப்படியும் வருவோம். வாசலில் மட்டும் சொல்லிவையுங்கள், நாலு வாளி வரும் என்று.

அன்புடன்,
பதினாலாம் நம்பர் குழுவோடு வந்த தமிழ் டீச்சர்